அணி மாறினால் துரோகியா?



அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டங்களை விடாமல் பார்ப்பவள் நான். என் அணி சியாட்டில் ஸ்டார்ம். 2018, 2020 என்று இரண்டு கோப்பைகளை அந்த அணிக்கு வாங்கித் தந்த பிரியானா ஸ்டூவர்ட், 2023-ல் நியூயார்க் லிபர்ட்டிக்குப் போய்விட்டார். "பாத்தியா, காசுக்காகப் போயிட்டாங்க உன் ஆளு! துரோகி!" என்று தோழிகள் இன்னமும் சொல்கிறார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் 'துரோகி' என்ற சொல் நியாயமா?

முதலில் காசு விஷயம். லீக் அனுமதித்த உச்ச சம்பளத்தைவிடக் குறைவான தொகைக்குத்தான் அவர் நியூயார்க்கில் கையெழுத்துப் போட்டார். அவர் பிறந்து வளர்ந்ததும் நியூயார்க் மாநிலத்தில்தான். சொந்த மாநிலத்துக்குப் போவது துரோகமா?

இன்னொன்று. 2016-ல் அவர் சியாட்டிலைத் தேர்ந்தெடுக்கவில்லை, சியாட்டில்தான் அவரை 'டிராஃப்ட்'டில் முதல் ஆளாக எடுத்தது. எந்த ஊரில் ஆட ஆசை என்று புது வீராங்கனையை யாரும் கேட்பதில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகுதான் அவர் தன் விருப்பத்தைச் சொல்ல முடியும்.

சரி, அணிகள் விசுவாசமாக இருக்கின்றனவா? ஹூஸ்டன் காமெட்ஸ் 1997 முதல் 2000 வரை வரிசையாக நாலு கோப்பை வாங்கியது. 2008-ல் அந்த அணியையே மூடிவிட்டார்கள். டெட்ராய்ட் ஷாக் மூன்று முறை சாம்பியன். 2010-ல் அதை துல்சாவுக்குக் கொண்டுபோனார்கள், 2016-ல் டல்லாஸுக்கு. டெட்ராய்ட் ரசிகர்கள் என்ன பாவம் செய்தார்கள்? முதலாளி ஊர் மாற்றினால் வியாபாரம், ஆடுகிற பெண் மாறினால் துரோகம். என்னங்க நியாயம் இது?

"சூ பேர்ட் 2002-லிருந்து 2022 வரைக்கும் சியாட்டிலை விட்டுப் போகலையே?" என்று கேட்பீர்கள். உண்மை. நாலு கோப்பை, ஒரே அணி. அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது அவராக மனமுவந்து கொடுத்தது. அதையே மற்றவர்களிடம் கடன் மாதிரி வசூல் பண்ண முடியாது.

டயானா டொராசியைப் பாருங்கள். 2015-ல் ஒரு சீசன் முழுக்க பீனிக்ஸ் அணிக்கு ஆடவில்லை. டபிள்யூ.என்.பி.ஏ. சம்பளம் ஏறக்குறைய 1 லட்சம் டாலர்தான். ரஷ்ய கிளப் கொடுத்ததோ சுமார் 15 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. அந்தக் கிளப் சொன்னபடி ஓய்வு எடுத்தார். அடுத்த வருடம் பீனிக்ஸுக்கே திரும்பி வந்தார். 2025-ல் ஓய்வு அறிவிக்கும் வரை அந்த லீக்கில் வேறு அணியின் சட்டையைப் போடவே இல்லை. இவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

என் கருத்து இதுதான். கையெழுத்துப் போட்ட நாள் முதல் கடைசி ஆட்டம் வரை உயிரைக் கொடுத்து ஆடினாரா? ஆடினார் என்றால் அவர் விசுவாசி. பாதி மனசோடு ஆடுகிறவர் அதே அணியில் இருபது வருடம் இருந்தாலும் எனக்குப் பெரிசில்லை.

ஐந்து முறை இறுதியாட்டத்தில் தோற்ற லிபர்ட்டி, 2024-ல் ஸ்டூவர்ட்டோடு தன் முதல் கோப்பையை வாங்கியது. நான் சியாட்டில் ரசிகைதான், மாற மாட்டேன். ஆனாலும் அன்று கை தட்டினேன். நீங்களும் தட்டியிருப்பீர்கள்!

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி