காய்ந்த கொறங்காட்டை உழாதீங்க

காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் கோடையில் போனால் கொறங்காடுகள் சாம்பல் பூத்துக் கிடக்கும். "புல்லு செத்துப்போச்சு, உழுது போட்டு வேற ஏதாச்சும் பண்ணலாம்" என்ற பேச்சும் கூடவே கேட்கும். அவசரப்படாதீங்க என்பதுதான் என் கருத்து.

கொழுக்கட்டைப் புல் வெயிலுக்குப் பிறந்தது. ஈரம் வற்றினால் இலையைக் காயவிட்டு, தூரிலும் வேரிலும் சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு தூங்கும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு தூரை விலக்கி அடியைக் கிள்ளிப் பாருங்க. வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கு. இழுத்ததும் பொசுக்கென்று கையோடு வந்தால்தான் போச்சு.

அப்போ புல்லைக் கொல்வது எது? வறட்சியைவிட, வறட்சியில் நாம் விடாமல் மேய்ப்பதுதான். ஒரு தூறல் விழுந்ததும் துளிர்க்கிற பச்சை, சேமிப்பிலிருந்து வருவது. அதையும் ஆடு கடித்துவிட்டால் அடுத்த துளிருக்குச் சத்து ஏது? அதனால் நாலு விரற்கடை உயரத்துக்குக் கீழே மேய விடக்கூடாது. காட்டைக் கிளுவை வேலியால் பிரித்து, மாற்றி மாற்றி மேய்க்கணும். கடும் வறட்சியில் எல்லாப் படலையும் அடைத்து, ஒரே துண்டில் ஆடுமாட்டைப் பட்டி போட்டு, சோளத்தட்டும் வெள்வேலங்காயும் போடணும். புழுக்கையும் சாணமும் அங்கேயே சேரும்.

"தீவனத்துக்குக் காசு?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. தட்டு இருப்பைக் கணக்குப் பார்த்து, பத்தாது என்று தெரிந்தால் கிடாக்குட்டிகளை முன்னாடியே விற்றுவிடுவது நல்லது. கோடை முற்றி எல்லாரும் சந்தைக்கு ஓட்டினால் விலை கிடைக்காது. விற்ற ஆட்டைத் திரும்ப வாங்கலாம். போன தூர் ஒரு மழையில் வராது.

சொட்டையான இடத்துக்கும் கோடையில் வேலை வேண்டாம். உழுதால் மண் காற்றோடு போகும். அந்த இடத்தில் முதலில் முளைப்பது சீமைக்கருவேலம். மார்கழி, தையில் உருவிய விதையைக் காய வைத்துச் சேர்த்து வையுங்க. புது விதை சரியாக முளைக்காது. சில மாதம் உறங்கினால்தான் முளைப்புத் திறன் வரும். பஞ்சு போல் காற்றில் பறக்கிற விதை என்பதால், செம்மண்ணும் சாணமும் பிசைந்து சிறு உருண்டையாக்கி, புரட்டாசி, ஐப்பசி மழைக்கு மேலாகத் தூவணும். ஆழத்தில் விழுந்தால் வராது. கூடவே கொஞ்சம் நரிப்பயறு போட்டால் மண்ணுக்குத் தழைச்சத்தும், மாட்டுக்குப் புரதமும் கிடைக்கும். விதைத்த இடத்தில் புல் பூத்து விதை கொட்டும்வரை மேய்ச்சல் கூடாது.

ஆழ்துளைக் கிணறு போட்டு ஒட்டுப்புல் வளர்க்கச் சொல்கிற ஆலோசனை நிறைய வருது. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சொச்சம் மழை பெய்கிற மண்ணில் அது கடன் வாங்கிய பச்சை. கிணறு வற்றிய அன்று அந்தப் புல்லும் வற்றும். காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் மானாவாரிப் புல்லில் உருவான இனங்கள்.

நம் இயக்கக் கூட்டங்களில் நெல் விதைப் பரிமாற்றம் நடக்குது. அந்தப் பாயில் இந்த வருஷம் ஒரு படி கொழுக்கட்டைப் புல் விதைக்கும் இடம் கொடுங்க.