அடித்தலும் திருத்தலும் அவமானமா?

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நம் இல்லங்களில் நடப்பது என்ன? ரஃப் நோட்டுகள் கட்டாகக் கட்டப்பட்டுப் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறுகின்றன. சுத்தப் பிரதிக்கு மட்டுமே அலமாரியில் இடம். அடித்து எழுதிய தாளைப் பிறர் பார்த்துவிட்டால் வெட்கம் என்று நாம் எண்ணுகிறோம். இது சரிதானா?

அமெரிக்க நாவலாசிரியர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1954-இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய கையெழுத்துப் படிகள் பாஸ்டன் நகரிலுள்ள கென்னடி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. 1929-இல் வெளிவந்த ‘ஏ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை எழுதியதாக அவர் கூறினார். அத்தாள்களை ஆராய்ந்தவர்கள் கண்டதோ 47 முடிவுகள்! ஒரு கட்டுரையை இருமுறை எழுதச் சொன்னால் முகம் சுளிக்கும் நமக்கு இது பாடமல்லவா?

நம் நாட்டுக்கு வருவோம். மகாகவி தாகூரின் கையெழுத்துப் படிகள் சாந்திநிகேதனத்து ரவீந்திர பவனத்தில் உள்ளன. வேண்டாத சொற்களை அடித்த கோடுகளையே அவர் பறவையாகவும் விலங்காகவும் இணைத்து வரைந்தார். அப்படித் தொடங்கிய கை, 1930-இல் பாரிஸில் ஓவியக் கண்காட்சி நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. 1912-இல் அவருடைய ‘கீதாஞ்சலி’ ஆங்கிலப் பிரதி இருந்த பையை, மகன் ரதீந்திரநாதர் லண்டன் சுரங்க ரயிலில் மறந்து இறங்கிவிட்டார். தவறவிட்ட பொருள்களுக்கான அலுவலகத்தில் அது பத்திரமாகக் கிடைத்தது. மறு ஆண்டே தாகூருக்கு நோபல் பரிசு! ரயில்வே குடும்பங்கள் வாழும் பொன்மலையில் நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தி இது.

தமிழுக்கும் இத்தகைய கருவூலம் உண்டு. 1943-இல் தொடங்கப்பட்ட உ.வே.சா. நூல்நிலையம் சென்னையில் அவர் தேடிச் சேர்த்த சுவடிகளைக் காத்து வருகிறது. ஆயினும், அச்சேறியவுடன் குப்பைக்குப் போன தமிழ்க் கையெழுத்துப் படிகள் எத்தனை எத்தனை! இன்றோ கைப்பேசியில் எழுதித் திருத்துகிறோம். முதல் வடிவம் சுவடின்றி மறைந்துவிடுகிறது.

எனவே நாம் வேண்டுவது மிகச் சிறிது. நம் ஆண்டு மலருக்கு மாணவியர் எழுதும் முதற்படிகளை, அடித்தல் திருத்தலுடன், பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரியில் வைத்துக் காக்க அருட்சகோதரிகள் அன்புடன் இடம் தர வேண்டும். பெற்றோரே, எடைக்குப் போடுமுன் மகளின் நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பின்னாளில் நம் தங்கையர் அத்தாள்களைக் கண்டு, “அக்காமாரும் தவறித் தவறித்தான் எழுதக் கற்றார்கள்” என்று துணிவு கொள்வார்கள்.

சுத்தப் பிரதி நம் முடிவைக் காட்டும். அடித்த தாளே நம் உழைப்பைக் காட்டும்.