பாம்புப் பண்ணைக்குப் போன பையன்

தி. நகர் நண்பர் ஒருவர் போன வாரம் மூச்சிறைக்க வந்து உட்கார்ந்தார். "ஸார், என் பையன் ஓணான், பாம்பு என்று காமிராவும் கையுமாக அலைகிறான். பெரியவனானதும் காட்டு மிருகங்களைப் படம் பிடிக்கப் போகிறானாம்! இதெல்லாம் ஒரு பிழைப்பா, நீங்களே சொல்லுங்கள்!"

காபி வந்தது. அவர் சற்று ஆறியதும், சேகர் தத்தாத்ரியின் கதையை எடுத்தேன். நம் சென்னைக்காரர்தாம். 1976-ல், 13 வயதில், கிண்டி பாம்புப் பண்ணைக்குத் தொண்டராகப் போனவர். ராமுலஸ் விட்டேக்கர் 1972-ல் கிண்டியில் நிறுவிய பண்ணை அது. நாமும்தான் குழந்தைகளுடன் போகிறோம், தடுப்புச் சுவருக்கு இப்பால் நின்று, "ஐயையோ!" என்றுவிட்டு, சுண்டல் வாங்கிக் கொண்டு திரும்பிவிடுகிறோம். இந்தப் பையன் திரும்பவில்லை.

அங்கே அவருக்குக் கிடைத்த வாத்தியார்கள் யார் தெரியுமா? விட்டேக்கர் ஒருவர், மற்றவர்கள் இருளர்கள். புழுதியில் ஒரு கோடு, வளை வாயில் உரிந்த சட்டையின் துணுக்கு. இவ்வளவு போதும் அவர்களுக்கு, உள்ளே இருப்பது சாரையா, நல்ல பாம்பா என்று சொல்லிவிடுவார்கள். இந்தப் பார்வையையும் பொறுமையையும் எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள்?

காமிரா அப்புறந்தான். 1980-களில் ஜான் ரைபர், லூயிஸ் ரைபர் என்ற தம்பதி பாம்புக்கடியைப் பற்றிப் படமெடுக்க வந்தார்கள். சேகர் உதவிக்குப் போனார், தொழில் பிடிபட்டுவிட்டது. பிறகு விட்டேக்கருடன் சேர்ந்து எடுத்த படம் யாரைப் பற்றி? அதே இருளர்களைப் பற்றித்தான்! பாம்புத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். 1970-களில் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டதும் அடுப்பு எரியவில்லை. 1978-ல் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பாம்பைப் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துக் கொண்டு, மறுபடி விட்டுவிட வேண்டியது. அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து. படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. வாத்தியார்களுக்கு இதைவிட என்ன குருதட்சிணை வேண்டும்?

"அதெல்லாம் சரி ஸார், வரும்படி?" என்றார் நண்பர்.

வெளிநாட்டு டெலிவிஷன் கம்பெனிகளுக்கெல்லாம் படம் எடுத்துக் கொடுத்தவர் என்றேன். நண்பரின் முகம் மலர்ந்தது. பிற்பாடு அந்த வேலையை விட்டுவிட்டு, குதிரேமுக் இரும்புச் சுரங்கம் காட்டை என்ன செய்கிறது, ஒரிஸ்ஸாக் கடற்கரையில் ஆமைகள் ஏன் சாகின்றன என்றெல்லாம் காட்டும் படங்களில் இறங்கிவிட்டார் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ!

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"பாம்புப் பண்ணையில் டிக்கெட் எவ்வளவு ஸார்?"