முதல் கீறல்

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சாலையின் யானை எனத்தக்க டிரெய்லர் லோரிக்கும் அடி சறுக்கும். அதை ஓட்டக் கற்றுக்கொள்ளும் இளைஞருக்கு முதல் சில மாதங்களில் பலமுறை சறுக்கும். அந்தச் சறுக்கல்களைச் சமுதாயமும் நிறுவனங்களும் எப்படி எதிர்கொள்கின்றன என்பதைப் பொறுத்தே அவர் நல்ல ஓட்டுநராகவோ ஆபத்தான ஓட்டுநராகவோ உருவாகிறார்.

ஜொகூர் மாநிலத்தில் இந்த யானைகளுக்குக் குறைவில்லை. பாசிர் கூடாங்கில் உள்ள ஜொகூர் துறைமுகம் 1977ஆம் ஆண்டிலும், கெலாங் பாத்தா வட்டாரத்தில் உள்ள தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் 1999ஆம் ஆண்டிலும் செயல்படத் தொடங்கின. 2024ஆம் ஆண்டில் தஞ்சோங் பெலெப்பாஸ் மட்டும், 20 அடிக் கொள்கலன் கணக்கில், 1 கோடியே 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட கொள்கலன்களைக் கையாண்டது. அவற்றுள் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து இறங்கி மறு கப்பலில் ஏறிவிடும்; சாலைக்கே வருவதில்லை. சாலைக்கு வரும் எஞ்சிய பகுதியும், 1998ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலம் வழியாகச் சிங்கப்பூருக்குப் போய்வரும் சரக்கும் போதும், ஆயிரக்கணக்கான ஓட்டுநர்களுக்கு வேலை கொடுக்க.

இவ்வோட்டுநர்களுள் தோட்டப்புறக் குடும்பங்களின் பிள்ளைகளும் பலர். லாபிஸ், சிகாமட், குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலைகளையும் ரப்பர் பாலையும் ஏற்றிச் சென்ற லோரிகளில் தந்தையர் பணியாற்றினர். இன்று மகன்கள் கொள்கலன்களை இழுக்கிறார்கள். தொழிலின் பெயர் ஒன்றுதான். ஆனால், வேலை ஒன்றல்ல. தோட்டத்துச் செம்மண் பாதையில் வண்டி வழுக்கினால் சேற்றில் நிற்கும். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் வழுக்கினால் யார் மீது போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

சரக்கு வாகனம் ஓட்டுவதற்கு நம் நாட்டில் தனி உரிமம் தேவை. 21 வயது நிரம்பிய பின்னரே அதனைப் பெற இயலும். உரிமம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எனினும், தேர்வுத் திடலில் கற்பதற்கும் கிடங்கின் குறுகிய வாயிலில் கற்பதற்கும் வேறுபாடு மிகுதி. திடலில் பின்னால் நின்று ஹாரன் அடிப்பவர் எவருமில்லை.

எடுத்துக்காட்டாக, இடப்பக்கம் திரும்புவதையே பார்ப்போம். 40 அடிக் கொள்கலன் ஏற்றிய டிரெய்லர், முன்வண்டியையும் சேர்த்து ஏறத்தாழ 16 மீட்டர் நீளம் இருக்கும். முன்சக்கரங்கள் சென்ற தடத்தில் பின்சக்கரங்கள் செல்வதில்லை. அவை வளைவின் உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே, ஓட்டுநர் சந்திப்பில் சற்று முன்னேறிச் சென்ற பின்னரே திருப்ப வேண்டும். மகிழுந்து ஓட்டிப் பழகிய கை அதற்கு முன்பே திருப்பிவிடும். விளைவு, பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறும். அல்லது சாலைப் பலகையைச் சாய்க்கும். அந்த இடைவெளியில் மோட்டார் சைக்கிள் ஒன்று புகுந்திருந்தால், அதன்பின் பேசுவதற்கு ஒன்றுமில்லை. விடியற்காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்கு விரையும் மோட்டார் சைக்கிள்கள் நிறைந்த ஜொகூர் பாருவில் இது வெறும் கற்பனையன்று.

பின்னோக்கிச் செலுத்துவது இன்னும் கடினம். டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் போகவேண்டுமானால் திசைமாற்றியை முதலில் வலப்பக்கம் திருப்ப வேண்டும். மூளைக்கு இது தெரிந்தாலும் கைக்குத் தெரிவதற்குப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் கிடங்கின் சுவரிலோ பக்கத்து வண்டியின் கண்ணாடியிலோ ஒரு கீறல் விழுந்துவிடும்.

கீறல் விழுந்த பின் என்ன நடக்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது. பணிக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத இளைஞர், சுற்றுமுற்றும் பார்க்கிறார். எவரும் பார்க்கவில்லை. சொன்னால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்; வேலையே போகலாம். சொல்லாவிட்டால் எதுவும் நடக்காது. பலர் இரண்டாவது வழியையே தேர்ந்தெடுப்பார்கள். அவர்களைக் கோழைகள் என்று பழிப்பது எளிது. வீட்டுக் கடனையும் தம்பி தங்கையரின் படிப்பையும் தோளில் சுமப்பவரிடம், உண்மைக்கு விலை ஒரு மாதச் சம்பளம் என்று சொல்லி வைத்திருப்பவர் யார் என்பதையும் கேட்க வேண்டும்.

மறைக்கப்பட்ட கீறலால் சுவருக்குப் பெரிய கேடில்லை. மறைக்கும் பழக்கமே கேடு. இன்று சுவரை மறைத்தவர், நாளை பிரேக்கின் காற்றழுத்தம் குறைவதையும் மறைப்பார். நாளன்று சக்கரத்தின் திருகு தளர்ந்திருப்பதையும் மறைப்பார். சொன்னால் வண்டி நின்றுவிடும், பயணம் கெட்டுவிடும். லோரியில் இருந்து ஒரு சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்பதை ஜொகூருக்கு அடுத்த மாநிலமான மலாக்காவில் நாடே கண்டது. 2024 டிசம்பர் 23ஆம் நாள் இரவு, ஆயர் குரோ அருகே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், லோரியிலிருந்து கழன்று கிடந்த சக்கரத்தால் சுற்றுலாப் பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகி எழுவர் உயிரிழந்தனர். அது புதிய ஓட்டுநரால் நேர்ந்தது என்பதற்காக இங்குக் குறிப்பிடப்படவில்லை. கனரக வாகனத்தில் சிறிய பழுது என்று ஒன்று இல்லை என்பதற்காகவே குறிப்பிடப்படுகிறது.

இச்சிக்கலை வேறொரு துறை முன்பே சந்தித்துள்ளது. அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு முதல் விமானிகள் தங்கள் பிழைகளைத் தாமாகவே முன்வந்து தெரிவிக்கும் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. அதனை விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா நடத்துகிறது. அறிக்கை அனுப்பியவரின் பெயர் நீக்கப்படும். நோக்கமில்லாமல் நேர்ந்த பிழையை உரிய காலத்தில் தெரிவித்தவருக்குத் தண்டனையிலிருந்து பெரும்பாலும் விலக்கும் உண்டு. ஒரு விமானி கூச்சத்தோடு எழுதும் பிழை, அதே ஓடுபாதையில் இறங்கப்போகும் மற்ற விமானிகளுக்கு முன்னெச்சரிக்கையாகிறது. வானத்தில் இயன்றது தரையில் ஏன் இயலாது?

இப்படிச் சலுகை காட்டினால் பொறுப்பின்மைதான் வளரும் என்று சிலர் வாதிடலாம். அவ்வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஏறத்தாழ 40 டன் எடையுள்ள வண்டியை ஓட்டுபவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதும், போதைப்பொருள் உட்கொண்டு ஓட்டுவதும் பிழையல்ல, குற்றம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் ஓடிவிடும் என்பதை அறிந்தும் செய்யும் செயல் அது. அங்குக் கருணைக்கு இடமில்லை. கை பழகாததால் விழும் கீறலையும் மனம் துணிந்து செய்யும் குற்றத்தையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் தவறு. இன்னும் சொல்லப்போனால், முதலாவதைத் தண்டித்துக்கொண்டே இரண்டாவதைக் காணாததுபோல் இருக்கும் இடங்களே மிகவும் ஆபத்தானவை.

நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. எத்தனை பயணம் ஓடினாரோ அத்தனைக்கு ஊதியம் என்னும் முறையில், இறங்கிப் பார்க்கும் இரண்டு நிமிடமும் நட்டமாகத் தோன்றும். ஆனால், பின்னோக்கிச் செலுத்தும்போது ஐயம் வந்தால் இறங்கிப் பார்ப்பதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை. முதல் மூன்று மாதங்களுக்காவது புதியவருக்கு நிலையான சம்பளமும், பக்கத்து இருக்கையில் அனுபவமுள்ள ஒருவரும் கிடைக்க வேண்டும். செலவாகுமே என்றால், ஆகும். ஒரு டிரெய்லர் கவிழ்ந்து நெடுஞ்சாலை அரை நாள் மூடப்பட்டால் ஆகும் செலவைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

ஓட்டுநர் செய்ய வேண்டியதும் உண்டு. பிழை நேர்ந்த உடனே அடுத்த பயணத்திற்குப் புறப்படுவது நல்லதன்று. மனம் பழைய சுவரிலேயே இடித்துக்கொண்டிருக்கும். கண் எதிரே உள்ள சாலையைக் காணாது. வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ன நடந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதுவது நல்லது. எந்த இடம், எந்தப் பக்கக் கண்ணாடி, திசைமாற்றியை எப்போது திருப்பியது என்று எழுதத் தொடங்கினால் வெட்கம் குறைந்து விவரம் மிஞ்சும்.

ஒரு கிடங்கின் வாயிலில் புதியவர் தடுமாறி நிற்கிறார். அவருக்குப் பின்னால் நான்கு லோரிகள் காத்திருக்கின்றன. ஹாரன் ஒலிக்கிறது. நான்காவது லோரியிலிருந்து மூத்த ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து, டிரெய்லரின் பின்புறத்தில், கண்ணாடியில் தெரியும்படி நின்றுகொள்கிறார். “தம்பி, அவசரமில்ல. நான் பார்த்துக்கிறேன், மெதுவா வா,” என்று கையசைக்கிறார். ஹாரன் நிற்கிறது.