பின்கோடு போதும்

ஐப்பசி மழை தொடங்கி டெங்கு வார்டுகள் நிரம்பிவிட்டால், ஆஸ்பத்திரி வாசலில் அதிகம் காதில் விழும் சொல் பிளேட்லெட். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அதை ஐந்து நாளுக்கு மேல் இருப்பில் வைக்க முடியாது. எனவே கொடையாளர் பக்கத்தில் இருக்க வேண்டும், கூப்பிட்டவுடன் வர வேண்டும். இரவு பதினொரு மணிக்கு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் போன் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு தகப்பனிடம் போய் அந்தரங்கம், தனியுரிமை என்று பேசினால் முறைப்பார். முறைக்கட்டும், நியாயம்தான். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் ஊருக்கு ஊர் ரத்ததானக் குழுக்கள் சம்பளமில்லாமல் ஓடுகின்றன. அவர்களைக் குறை சொல்ல நமக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் சொல்லியாக வேண்டும். அண்மையில் ஒரு குழுவின் பட்டியலைப் பார்க்க நேர்ந்தது. கூகுள் ஷீட்; லிங்க் கிடைத்தால் யாரும் திறக்கலாம். பெயர், ரத்த வகை, கைபேசி எண், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. அதற்கடுத்த கட்டம் 'லொகேஷன்'. அதைத் தொட்டால் மேப் திறந்து, சிவப்பு ஊசி ஒரு மொட்டைமாடியில் போய்க் குத்தி நிற்கிறது. எளிதில் கிடைக்காத ஓ நெகட்டிவ் வரிசையில் ஒரு கல்லூரி மாணவி. ஊசி நின்ற இடம் ஒரு பெண்கள் விடுதி. அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளில் பாதி ரத்தத்துக்கானவை அல்ல என்று ஒருங்கிணைப்பாளரே சொன்னார். "அதுக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?" என்றும் கேட்டார்.

நிறையப் பண்ணலாம். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம், வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் சுமார் ஒரு கிலோமீட்டர். பேட்டை மட்டும் தெரியும். கொடையாளர் வீட்டுக்குப் போய் யாரும் ரத்தம் எடுப்பதில்லை. அவர்தான் ரத்த வங்கிக்கு வருகிறார். பின் அவர் மொட்டைமாடி யாருக்கு வேண்டும்? 1972 முதல் நம்மிடம் பின்கோடு இருக்கிறது. அந்த ஆறு இலக்கம் போதும்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. டெபியன் என்ற கணினி இயங்குதளத்தை உலகெங்கும் தன்னார்வலர்களே உருவாக்குகிறார்கள். விரும்பியவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தங்கள் குழுவின் தரவுத்தளத்தில் பதியலாம். வெளியே வைக்கும் உலக வரைபடத்தில் பெயரில்லாத புள்ளிகள்தான் தெரியும். இந்தப் பக்குவம் நமக்கும் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பம்பாய் ரத்த வகை இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் இருக்கும். அப்படிப்பட்டவருக்குப் பெயரை எடுத்துவிட்டுப் பின்கோடு மட்டும் போட்டாலும் அடையாளம் வெளிப்பட்டுவிடலாம். அவர் விஷயத்தில் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே முறை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காரர்கள் முன்பின் தெரியாதவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, முகவரியையும் போன் எண்ணையும் பொதுப் பட்டியல்களில் தாங்களே எழுதினார்கள். பெரிய மனசு அது. தண்ணீர் வடிந்த பிறகு அந்தப் பட்டியல்களை அழிக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? ஆபத்துக்குச் செய்ததை அன்றாடமாக்கிக்கொண்டோம்.

"அவங்களேதானே கொடுத்தாங்க" என்பது வழக்கமான பதில். படிவத்தில் லொகேஷன் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. இதையா சம்மதம் என்பது? 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஷீட்டில் பெயரை நீக்கச் சொல்ல ஒரு வரிகூட இல்லை.

ஆகவே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்: ரத்தம் கொடுக்க முன்வந்தவரின் வீட்டை ஊருக்குக் காட்டுவது தவறு. நல்ல காரியத்துக்காகச் செய்தாலும் தவறுதான். காசுக்கு ரத்தம் விற்பதை 1998 முதல் இந்த நாடு தடை செய்திருக்கிறது. திறந்து கிடக்கும் பட்டியல் ஒரு தரகர் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று குழுக்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எண்கள் ஒருங்கிணைப்பாளர் ஒருவர், இருவரிடம் மட்டும் இருக்கட்டும். கேட்டு வருபவரிடம் ஆஸ்பத்திரி, நோயாளி விவரம் வாங்கிச் சரிபார்த்துவிட்டு, அவர்களே கொடையாளரை அழைக்கட்டும். இதில் ஐந்து நிமிடம் போகும். வாசலில் நிற்கும் தகப்பனுக்கு அது பெரிய ஐந்து நிமிடம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் இன்றைய ஏற்பாடு அவருக்கு எதை மிச்சப்படுத்தித் தருகிறது? அந்த மாணவி தெரியாத எண்களை இப்போதெல்லாம் எடுப்பதே இல்லையாம். ஓ நெகட்டிவ் வரிசையில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது, ஊசியும் அதே மொட்டைமாடியில்.