பெயர் மட்டும் இருந்தால் ஊர் ஆகிவிடுமா?

அமெரிக்கா தேசத்தில் "எலும்பைக் கடி" என்று ஓர் ஊர் இருக்கிறது என்றால், நாம் ஏதோ வேடிக்கைக்குச் சொல்வதாகவே வாசகர்கள் நினைப்பார்கள். வேடிக்கையல்ல, முழு வாஸ்தவம். இந்தியானா ராஜ்யத்தில், பிரவுன் கவுண்டி என்னும் குன்றுகளும் காடுகளும் நிறைந்த பிரதேசத்தில், 46-ம் எண் சாலை ஓரமாக அந்தச் சிற்றூர் இருக்கிறது. இங்கிலீஷில் அதன் பெயர் நா போன். அதே கவுண்டியில் "அவரைப் பூ" என்று பொருள்படும் பீன் பிளாஸம் என்ற ஊர் ஒன்று உண்டு; "இன்னும் வேண்டும்" என்று பொருள்படும் நீட்மோர் என்ற ஊரும் உண்டு. ஸ்டோரி என்றும் ஓர் ஊர் இருக்கிறது. "ஆஹா! கதை என்றே பெயர் வைத்துக் கொண்டார்களே!" என்று கதை எழுதுவோர் சந்தோஷப்பட வேண்டாம். 1851-ம் வருஷத்தில் அங்கே நிலம் பெற்ற ஜார்ஜ் ஸ்டோரி என்ற வைத்தியரின் பெயர் அது.

எலும்பைக் கடித்த கதைக்கு வருவோம். பழைய பிரெஞ்சுக் குடியேறிகள் தங்கள் தேசத்து நார்போன் நகரின் பெயரைச் சூட்டினார்கள் என்றும், பிரெஞ்சு தெரியாதவர்களின் வாயில் அது நா போன் ஆகிவிட்டது என்றும் ஒரு சாரார் சொல்கிறார்கள். யாரோ ஒருவன் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக் கொண்டிருந்ததனால் வந்த பெயர் என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். நம்முடைய ஸ்தல புராணங்களுக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல இந்த விவகாரம்!

நாம் இந்தியானாவுக்குப் பிரயாணம் செய்ததில்லை. இவ்வளவு விஷயமும் எப்படிக் கிடைத்தது என்றால், விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தின் வழியாகத்தான். 2001-ம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி ஆரம்பிக்கப்பட்ட அந்தக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சம்பளம் கிடையாது; கையெழுத்துப் போட்டுப் புகழ் தேடவும் வழியில்லை. இத்தகைய காரியத்தில் பங்கு கொண்டவர்கள் தங்கள் கவுண்டியில் உள்ள ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு பக்கம் எழுத முற்பட்டார்கள். அதில் அவர்கள் பட்ட பாட்டைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறோம்.

அமெரிக்காவில் 50 ராஜ்யங்களும், அவற்றுக்குள் 3,000-த்துக்கு மேற்பட்ட கவுண்டிகளும் இருக்கின்றன. நம்முடைய ஜில்லாவைவிடச் சிறியது, தாலுகாவைப் போன்றது என்று கவுண்டியை ஒருவாறு சொல்லலாம். பிரவுன் கவுண்டி 1836-ல் ஏற்பட்டது. 2020-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி அதன் ஜனத்தொகை 15,000-க்குச் சற்று அதிகம். இந்தக் கவுண்டி முழுவதிலும் முறைப்படி நகராட்சி பெற்ற ஊர் நாஷ்வில் ஒன்றே. மற்ற ஊர்களுக்குத் தலைவரும் இல்லை, சபையும் இல்லை, எல்லையும் இல்லை. ஒரு கோயில், ஒரு கடை, சில வீடுகள், ஒரு மயானம் — அவ்வளவுதான். ஊர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதை அங்கே குடியிருப்பவர்களுடைய மனம்தான் அறியும்.

சட்டத்தில் இடமில்லாத இந்த ஊர்களுக்குப் புத்தகத்தில் எப்படி இடம் கிடைக்கும்? 2002-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஓர் ஆச்சரியம் நிகழ்ந்தது. ஓர் அன்பர் ராம்பாட் என்ற கணினி நிரலைத் தயாரித்து, 2000-ம் வருஷத்து ஜனக் கணக்கை அதற்குத் தீனியாகப் போட்டார். அந்த நிரல் சுமார் ஒரு வாரத்திற்குள் 30,000-த்துக்கு மேற்பட்ட அமெரிக்க ஊர்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதித் தள்ளிவிட்டது! மனிதன் தினம் ஒன்றாக எழுதியிருந்தால் எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

ஆனால் அந்தக் கட்டுரைகளை வாசித்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஊரின் பரப்பு இத்தனை சதுர மைல், இத்தனை குடும்பங்கள், இன்ன இனத்தார் நூற்றுக்கு இத்தனை பேர், வருமானம் இத்தனை டாலர் என்று எண்கள் வரிசையாக நின்றன. ஊரை யார் நிறுவினார்கள், ஜனங்கள் என்ன தொழில் செய்தார்கள், எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பதற்கெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. ஜாதகத்தில் கட்டம் மட்டும் இருந்து பிள்ளையின் பெயர் இல்லாதது போல இருந்தது. மேலும், சர்க்கார் தனியாகக் கணக்கெடுத்த ஊர்களுக்குத்தான் அந்தப் பாக்கியமும் கிடைத்தது. நா போனையும் நீட்மோரையும் போன்ற குக்கிராமங்களை மனிதர்களே தேடி எழுத வேண்டியிருந்தது.

எங்கே தேடுவது? அமெரிக்க சர்க்காரின் நில அளவை இலாகா, தேசப்படங்களிலிருந்து எடுத்த பெயர்களையெல்லாம் சேர்த்து ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறது. அதில் "ஜனங்கள் வசிக்கும் இடம்" என்று ஒரு வகுப்பு உண்டு. தொண்டர்கள் பலர் அதை வேதவாக்காக எடுத்துக் கொண்டு, பெயருக்கு ஒரு பக்கமாகத் திறந்தார்கள். சில காலம் சென்ற பிறகுதான் சங்கதி வெளிப்பட்டது. அந்தப் பட்டியலில் ஊர் என்று இருந்தவற்றுள் சில, ரயில் வண்டிகள் ஒதுங்கி நிற்பதற்காகப் போட்ட கிளைப் பாதைகள். சில, தனி ஒருவருடைய பண்ணை. அங்கே ஒரு காலத்திலும் ஊர் என்று ஒன்று இருந்ததில்லை! எழுதிய பக்கங்களில் பலவற்றை விசாரணை செய்து நீக்கவேண்டியதாயிற்று.

இதையும் தூக்கியடிக்கும் சம்பவம் ஒன்று நியூயார்க் ராஜ்யத்து டெலவேர் கவுண்டியில் நடந்தது. 1930-களில் தேசப்படம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் தலைவர் ஆட்டோ லிண்ட்பெர்க் என்பவரும், அவருடைய உதவியாளர் எர்னஸ்ட் ஆல்பர்ஸ் என்பவரும், தங்கள் படத்தை மற்றவர்கள் திருடினால் கண்டுபிடிப்பதற்காகத் தங்கள் பெயர்களின் முதல் எழுத்துக்களைக் கலைத்துச் சேர்த்து "அக்லோ" என்ற பொய்யூர் ஒன்றைப் படத்தில் போட்டு வைத்தார்கள். பிறகு வேறொரு கம்பெனியின் படத்திலும் அக்லோ தோன்றியது. திருடன் அகப்பட்டான் என்று நினைத்தார்கள். ஆனால் அந்த இடத்தில் உண்மையாகவே "அக்லோ பலசரக்குக் கடை" என்று ஒரு கடை இருந்ததாம்! படத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்த கடைக்காரர், அதையே தம் கடைக்கு வைத்துவிட்டார். பொய்யாகப் பிறந்த ஊர் கொஞ்ச காலம் மெய்யாக வாழ்ந்தது. கடை மூடியதும் மறுபடியும் பொய்யாகிவிட்டது.

ஆகவே பெயர் இருந்தால் மட்டும் போதாது, சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிகளில் முதன்மையானது தபாலாபீஸ். பழைய நாளில் அமெரிக்கக் கிராமத்துக் கடைக்காரரே பெரும்பாலும் தபால் அதிகாரியாகவும் இருந்தார். தபாலாபீஸ் வந்தால் பெயர் வரும். பெயர் வந்தால் ஊர் வரும். 1901-ல் அந்தத் தேசத்தில் 76,945 தபாலாபீஸ்கள் இருந்தன. அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு இருந்ததில்லை. 1896-ல் ஆரம்பித்த இலவசக் கிராமத் தபால் திட்டம் பரவப் பரவ, கடிதங்கள் வீட்டு வாசலுக்கே வந்தன. கிராமத்துத் தபாலாபீஸ்கள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. ஜனங்களுக்குச் சௌகரியம்தான், ஆனால் எத்தனையோ ஊர்ப் பெயர்கள் உறையின்மேல் எழுதப்படாமல் போய், பிறகு வாயிலும் வழங்காமல் போயின. தபாலாபீஸ் திறந்த தேதியும் மூடிய தேதியும் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் இருப்பதால், இன்று பல சிற்றூர்ப் பக்கங்களில் நிச்சயமாகச் சொல்லக் கூடிய சரித்திரம் அந்த இரண்டு தேதிகள்தான்.

இரண்டாவது சாட்சி, கவுண்டிச் சரித்திரங்கள். 1876-ல் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து நூறு வருஷம் நிறைந்தது. அப்போது அவர்களுடைய காங்கிரஸ் சபை ஓர் அழகான தீர்மானம் செய்தது. ஒவ்வொரு கவுண்டியும் ஊரும் தன்னுடைய சரித்திரத்தை எழுதி ஜூலை 4-ந் தேதி ஜனங்கள் முன்னிலையில் வாசிக்க வேண்டும். ஒரு பிரதியைக் கவுண்டி அலுவலகத்திலும் மற்றொரு பிரதியைத் தலைநகரத்து நூல் நிலையத்திலும் வைக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தார்கள். ஜனாதிபதி கிராண்ட் அதைப் பிரகடனமாக வெளியிட்டார். சுதந்திர விழாவை வாணவேடிக்கையோடு முடித்துவிடாமல், "உன் ஊர்க் கதையை எழுது" என்று ஒரு சர்க்கார் சொல்லிற்றே, அது எவ்வளவு மேலான எண்ணம்!

அதையொட்டிப் பெரிய பெரிய கவுண்டிச் சரித்திரங்களைப் புத்தகக் கம்பெனிகள் வெளியிட்டன. இவற்றில் ஒரு குறை உண்டு. முன்பணம் கட்டியவர்களுடைய ஜீவிய சரித்திரமும் படமும் பிரமாதமாக வரும். பணம் கட்டாதவர்கள், உழைப்பாளிகள், நீக்ரோக்கள் என்று அந்நாளில் ஒதுக்கப்பட்ட கறுப்பு ஜனங்கள், அந்த மண்ணின் ஆதிக் குடிகள் — இவர்களெல்லாம் பெரும்பாலும் இருந்த இடம் தெரியாமல் போவார்கள். இன்று களஞ்சியத்தில் எழுதுகிறவர்கள் இந்தப் புத்தகங்களைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆகையால் அன்று விடுபட்டவர்கள் இன்றும் விடுபடுகிறார்கள்.

இங்கேதான் நம்முடைய மனத்தை உறுத்தும் கேள்வி எழுகிறது. பிரவுன் கவுண்டியின் தென்மேற்குப் பக்கத்தில் எல்கின்ஸ்வில் என்று ஓர் ஊர் இருந்தது. 1960-களில் வெள்ளத்தைத் தடுப்பதற்காக மன்றோ ஏரி என்னும் பெரிய நீர்த்தேக்கத்தைக் கட்டியபோது, சர்க்கார் அந்த ஊர் ஜனங்களின் நிலத்தையும் வீட்டையும் வாங்கிக் கொண்டு அவர்களை வெளியேற்றியது. ஊர் கலைந்தது. ஊர் இருந்த இடத்தில் ஒரு நினைவுக் கல் நிற்கிறது. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தபோது நீருக்கடியில் போன கிராமங்களையும், நீர் வற்றும் காலத்தில் பண்ணவாடியில் தலைகாட்டும் நந்தியையும் மாதாகோயில் கோபுரத்தையும் அறிந்த தமிழர்களுக்கு, அந்தக் கல்லின் துக்கத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த கிழவி ஒருத்தி இன்று உயிரோடிருந்து, "எங்கள் வீடு இந்த மரத்தடியில் இருந்தது, இன்னார் வீட்டுக் கல்யாணத்தில் இப்படிப் பாடினார்கள்" என்று சொன்னால், விக்கிப்பீடியாவில் அதை எழுத முடியாது. ஏற்கெனவே அச்சில் வந்து, பிறர் சரிபார்க்கக் கூடிய ஆதாரம் இருந்தால்தான் எழுதலாம் என்பது அங்கே விதி. கல்நெஞ்ச விதி என்று முதலில் தோன்றுகிறது. ஆனால் அக்லோவை நினைத்துப் பாருங்கள்! விதி இல்லாவிட்டால் ஆளுக்கு ஓர் ஊரைச் சிருஷ்டித்து விடுவார்கள். ஆளுக்கு ஒரு பூர்விக ராஜாவையும் கொண்டு வந்து நிறுத்துவார்கள். விதி சரியானதே. நம்முடைய அபிப்பிராயம் என்னவென்றால், அந்த விதி கிழவியின் வாயை அடைக்கவில்லை. நம்முடைய சோம்பலைத்தான் சுட்டிக் காட்டுகிறது. களஞ்சியம் எழுதுவது கடைசி வேலை. கிழவி சொன்னதைக் கேட்டு, தேதி போட்டு, யார் சொன்னது என்று குறித்து, உள்ளூர்ப் பத்திரிகையிலோ பள்ளிக்கூட மலரிலோ சிறு புத்தகமாகவோ அச்சேற்றுவது முதல் வேலை. முதல் வேலையைச் செய்யாதவர்கள் கடைசி வேலையில் குறை காண்பது நியாயமல்ல.

நிற்க. இதே விக்கிப்பீடியாவுக்குத் தமிழிலும் ஒரு கிளை 2003 முதல் நடந்து வருகிறது. அதற்கு முன்பே, பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் வெளியிட்டது நமக்குப் பெருமை தரும் விஷயம். ஆனால் பத்துத் தொகுதிகளில் எத்தனை கிராமங்களுக்கு இடம் கொடுக்க முடியும்? இணையத்தில் இடப் பஞ்சம் இல்லை. ஆள் பஞ்சம்தான் இருக்கிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் ஜில்லாக்களைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் தடித்த புத்தகங்கள் எழுதினார்கள். அவர்களுடைய உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் முக்கியமாகப் பார்த்தது வரியையும் குற்றத்தையும் விளைச்சலையும்தான். ஆள வந்தவர்களின் கண்ணுக்கு ஊர் அப்படித்தான் தெரியும். ஊரில் பிறந்தவர்களின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை ஊரில் பிறந்தவர்களே எழுத வேண்டும். சுயராஜ்யம் என்பது இதையும் சேர்த்துத்தான்.

சில மாதங்களுக்கு முன்பு வகுப்பில் ஒரு பையன், "ஸார், எங்கள் ஊருக்குப் பக்கம் இருக்கிறது, ஆனால் அதில் எங்கள் ஊர் இல்லை" என்றான். திறந்து பார்த்தோம். ஜனத்தொகை இருந்தது, பின்கோடு இருந்தது, தொகுதி இருந்தது. ஏரியின் பெயர் இல்லை. ராம்பாட்டைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதினாலும் இவ்வளவு சுருக்கமாகக் குறை சொல்ல முடியாது.

அந்தப் பையனுக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்லி முடிக்கிறோம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எந்த வருஷம் ஏற்பட்டது என்று வாசற் கல்லில் பாருங்கள். கோயில் கல்வெட்டு அச்சாகியிருக்கிறதா என்று நூல் நிலையத்தில் கேளுங்கள். ஏரிக்கும் மதகுக்கும் ஜனங்கள் வழங்கும் பெயரைக் குறித்துக் கொள்ளுங்கள். இன்னும் இடியாமல் இருக்கும் சாவடியைப் படம் பிடியுங்கள். தெரியாததைத் தெரிந்தது போல் எழுதாதீர்கள். கடல் கடந்து எங்கேயோ இருக்கும் எலும்பைக் கடி என்ற ஊரின் பெயர்க் காரணம் நமக்குத் தெரிகிறது. நம்முடைய பாட்டனார் பிறந்த ஊரின் பெயர்க் காரணம் நம் குழந்தைக்குத் தெரிய வேண்டாமா?