பந்துக்கு முன் தண்ணீரைக் கேளுங்கள்

திருப்பூர் வீரபாண்டியைச் சுற்றி காலர் வைத்த பிக்கே டி-ஷர்ட் தைக்காத பனியன் கம்பெனிகள் குறைவு. கால்ஃப் மைதானத்துக்குள் காலர் இல்லாமல் பெரும்பாலும் விடமாட்டார்கள் என்பதால், நாம் தைத்ததில் ஒரு பகுதி எங்கோ கடல் கடந்து ஃபேர்வேயில்தான் நடக்கிறது. இப்போது நம் ஆட்களே சிலர் அந்த ஆட்டத்தைப் பழகிக்கொண்டார்கள். வெளிநாட்டு பையர் கூப்பிட்டாரே என்று போனவர்கள், பிறகு தாமாகவே விடியற்காலையில் எழுந்து போகிறார்கள். ஷிப்மென்ட் முடிந்ததும் அவர்கள் என்னைக் கேட்பது இதைத்தான்: "அண்ணா, ரெண்டு நாள் லீவு இருக்குதுங்க. எங்க போயி ஆடலாம்?"

அங்கே புல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் விசாரியுங்கள் என்பேன். மைதானத்தின் பெயரும் கிளப் ஹவுஸின் அழகும் அப்புறம். பதினெட்டுக் குழி மைதானம் என்றால் பெரும்பாலும் நூறு ஏக்கருக்குக் குறையாது. வெயில் ஊரில் அதைப் பச்சையாக வைத்திருக்க ஒரு நாளைக்குப் பல லட்சம் லிட்டர் வேண்டும். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றுக்காக உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இந்த ஊர் எப்படி நின்றுபோனது என்று பார்த்தவர்கள் நாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் ஆர்.ஓ.வும் போட்டு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சாயம் போடக் கற்றுக்கொண்ட ஊர் இது. விளையாடப் போகும் இடத்தில் மட்டும் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. பெங்களூரில் சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சும் மைதானங்கள் உண்டு. அங்கே நிம்மதியாக ஆடலாம். ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பிப் புதிதாக முளைக்கும் ரிசார்ட் மைதானத்துக்கு, எவ்வளவு சலுகை கொடுத்தாலும், நான் போவதில்லை.

அதனால் என் மனம் மலைக்குத்தான் போகிறது. ஃபேர்வேயைப் பெரும்பாலும் மழையே பார்த்துக்கொள்ளும்.

கொடைக்கானல் கால்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. தூண் பாறைக்குப் போகும் வழியில் இருக்கிறது. தாராபுரம், பழனி வழியாக மலையேறி பெருமாள்மலையில் சேர்ந்துகொண்டால் நமக்குச் சுற்று இல்லை. அங்கே காட்டெருமைகள் கூட்டமாக வந்து ஃபேர்வேயிலேயே மேயும். அவை நகரும்வரை நாம் நிற்க வேண்டும். பந்து அவற்றின் பக்கம் உருண்டால் அதை மறந்துவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு அந்த இடம் ஒத்துவராது. எனக்கோ தமிழ்நாட்டில் அதற்கு இணையான மைதானம் இல்லை. சமதரையில் பழகிய கண்ணை அந்தச் சரிவு ஏமாற்றிவிடும். மேடு என்று நினைத்துப் பலமாகத் தட்டுவோம், பந்து குழியைத் தாண்டி ஓடும். கூட வரும் கேடி, "சார், கண்ணை நம்பாதீங்க, பள்ளத்தாக்கு எந்தப் பக்கம்னு பாருங்க" என்பார். அப்படியே செய்யுங்கள்.

ஊட்டி ஜிம்கானா மைதானம் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் விரிந்து கிடக்கிறது. ஓரமெல்லாம் மஞ்சள் பூப்பூக்கும் முட்புதர். அதற்குள் போன பந்தைத் தேடிக் கை கிழித்துக்கொள்ளாதீர்கள். ஏழாயிரம் அடிக்கு மேல் காற்று லேசாகிவிடுவதால் பந்து நம் ஊரைவிட ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாகப் பறக்கும். 150 கஜத்துக்கு எடுக்கும் மட்டையை அங்கே எடுத்தால் 160-ஐத் தாண்டிவிடும். ஒரு படி பலம் குறைந்த மட்டையாகப் பார்த்து எடுங்கள். டிசம்பர், ஜனவரி விடியலில் புல்மேல் உறைபனி படிந்திருக்கும். அது உருகாமல் மிதித்தால் புல் கருகிப்போகும். டீ குடித்துவிட்டு வெயில் ஏறியபின் இறங்குவதே மரியாதை.

மாதம் முக்கியம். ஊட்டிக்கு ஜூன் முதல் தென்மேற்கு மழை, கொடைக்கானலுக்கு ஐப்பசி அடைமழை. இரண்டுக்கும் மாசி, பங்குனி நல்ல காலம். சித்திரை பிறந்துவிட்டால் கூட்டம் தாங்காது. 2024 மே முதல் இரண்டு ஊருக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வாகன எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. வார நாளில் போகிறவருக்குச் சாலையும் கிடைக்கும், மைதானமும் கிடைக்கும். நம் தொழிலில் அது கஷ்டம்தான். சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும். ஞாயிறு இரவு கிளம்பித் திங்களில் ஆடிவிட்டு வாருங்கள்.

இலங்கைக்குப் போக வாய்ப்பு இருப்பவர்கள் நுவரெலியாவைப் பார்க்கலாம், ஊரின் நடுவிலேயே பழைய மைதானம். ராயல் கொழும்பு கால்ஃப் கிளப்பில் ரயில் பாதையே மைதானத்துக்குள் ஓடுகிறது.

எங்கே போனாலும் முதலில் போன் செய்யுங்கள். இவை உறுப்பினர் கிளப்புகள். விருந்தினருக்கு எந்த நாள் அனுமதி, கிரீன் ஃபீ எவ்வளவு, ஹேண்டிகேப் சான்று வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேடியை வேண்டாம் என்று சொல்லிக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். 2009-இல் இந்தியன் ஓப்பனை வென்ற சின்னசாமி முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்து வந்தவர். அந்தப் பையைத் தூக்குகிறவருக்கு நம்மைவிட ஆட்டம் தெரியும். கூலியை அவர் கையிலேயே கொடுங்கள், கொஞ்சம் கூட்டியே கொடுங்கள்.

ஆடி மாதத்தில் கேட்கிறவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. மலை வேண்டாம், பல்லடம் தாண்டிச் செட்டிபாளையம் பக்கம் இருக்கும் கோயம்புத்தூர் மைதானத்துக்குப் போங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து காற்றாலைகளைச் சுற்றவிடும் அதே காற்று அங்கே பந்தையும் இழுத்துக்கொண்டு போகும். பந்தைத் தாழ்வாக, தரையோடு அடிக்கப் பழக அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. ஆனால் உள்ளே நுழையும்போது தண்ணீர்க் கேள்வியை அங்கேயும் கேளுங்கள்.